ஜீப்பில் கரண்ட் எங்கே போனது?



என் அக்கா மகனின் பழைய டீசல் ஜீப் பற்றி இரண்டு வாரமாக ஆளாளுக்குப் போனில் விசாரிக்கிறீர்கள். "பேட்டரி புதுசு போட்டும் ஏன் சார் ஸ்டார்ட் ஆகலை?", "செல்ஃப் மோட்டார் போயிடுச்சாமே மாமா?", "இன்னுமா அதை எடைக்குப் போடலை?" என்று கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். உங்களில் பல பேர் வீட்டு வாசலில் 20 வயது, 25 வயது டீசல் வண்டி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் உதவும். கொஞ்சம் நீளமான பதிவுதான். டீயை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அடிப்படை. டீசல் இன்ஜின் ஓடுவதற்குக் கரண்ட் வேண்டுமா? வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் "வேணும் சார்" என்பீர்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் பிளக்கில் பொறி விழுந்தால்தான் அது எரியும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கும் மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் தத்துவம் இதுதான். டீசலைப் பீய்ச்சும் பம்ப்பையும் இன்ஜினே சுற்றிக்கொள்கிறது. பழைய ஆள்களுக்கு 'மைக்கோ பம்ப்' என்றால் புரியும். 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பெயரே நம் ஊர் மெக்கானிக் வாயில் பம்ப்புக்குப் பெயராகிவிட்டது.

ஆகவே ஸ்டாப் கேபிளை இழுத்து நிறுத்தும் பழைய வகை டீசல் வண்டி ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், பேட்டரியைக் காக்கா தூக்கிக்கொண்டு போனாலும் ஓடும். கரண்ட் எதற்கு வேண்டும் என்றால் ஸ்டார்ட் செய்ய, குளிர்காலத்தில் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்க, பிறகு விளக்கு, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டருக்கு. இதைக் கேட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ராத்திரியில் இதுவே ஆபத்து. பெட்ரோல் வண்டியில் கரண்ட் முழுசாகப் போனால் இன்ஜினும் நின்றுபோகும், ஓரமாக ஒதுங்கிவிடுவோம். டீசல் வண்டியில் கண் மட்டும் குருடாகும், கால் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் மாப்பிள்ளைக்கு நடந்தது அப்படித்தான். அவர் சேவூரில் நாலைந்து தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். ஜீப் அவருக்குப் பெருமைக்கு அல்ல, பிழைப்புக்கு. தை பிறந்து முகூர்த்தம் தொடங்கிய சமயம். சேலையைக் கொடுத்துவிட்டு, மனைவியும் சின்னப் பெண்ணும் உடன் வர, செய்யாறு வழியாக ஆரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மணி ஒன்பதரை. ஒரு ஊர் நுழைவில் வேகத்தடை. பிரேக் பிடித்து இரண்டாவது கியருக்கு வந்ததும் ஹெட்லைட் மஞ்சளாகி, மினுக்கி, அணைந்தேவிட்டது. ஹாரனை அமுக்கினால் சத்தமில்லை. இன்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். டிரெய்லருக்குப் பின்விளக்கு எப்போது இருந்தது? எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில்தான் கரும்புக் கட்டு பத்தடியில் தெரிந்ததாம். திருப்பிவிட்டார். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் விளக்கு பளிச்சென்று வந்துவிட்டது. அதன்பிறகு ஊர் வந்து சேரும்வரை வேகத்தைக் குறைக்கவே பயம். குறைத்தால் விளக்கு போகிறது.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டு விளக்கு எரிகிறது. ஸ்டார்ட்டுக்குத் திருகினால் 'டக்' என்று ஒரே சத்தம், எல்லா விளக்கும் செத்துவிடும். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் விளக்கு மறுபடி எரியும். திருகினால் 'டக்'.

இதற்குள் செலவு தொடங்கியாயிற்று. முதலில் போன கடையில் "பேட்டரி வீக்கு" என்று சொல்லி 7,500 ரூபாய்க்குப் புதுசு போட்டார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் பழைய கதை. நடுவில் ஹெட்லைட் பல்பு இரண்டு முறை ஃபியூஸ் ஆனது. அடுத்த கடையில் "செல்ஃப் மோட்டாரை இறக்கணும், காயில் கட்டணும், 6,000 ஆகும், டைனமோவையும் ஒரு கை பாத்துடலாம்" என்றார்கள். மாப்பிள்ளை அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி "இனிமே அந்த வண்டியில ராத்திரி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம். அக்கா வேறு வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டார்.

"மாமா, மாத்திப் பாக்கலாம்னு சொல்றாங்க. மாத்திடட்டுமா?"

இந்த 'மாற்றிப் பார்க்கலாம்' என்ற வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் எந்த நெசவாளியாவது பாவையே மாற்றிப் பார்ப்பானா? எந்த இழை, எங்கே அறுந்தது என்று விரலால் நீவித் தேடி, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டுத் தொடர்வான். "இத்தனை வருஷமா இதைத்தானே பண்றீங்க மாப்பிள்ளை, ஜீப்புக்கு மட்டும் ஏன் வேற நியாயம்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பார்ப்பதாக முடிவாயிற்று. ஆரணியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனையும் வரச் சொன்னேன். ஒயரிங்கில் அவனுக்குக் கை பழக்கம் உண்டு, என்னிடம் மல்டிமீட்டர் உண்டு.

பார்ப்பதற்கு முன்பே கையில் இருந்த தடயங்களைச் சொல்கிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். ஒன்று, விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் கேட்டவுடன் எல்லாம் சாகிறது. இரண்டு, வண்டி ஓடும்போது இன்ஜின் வேகம் கூடினால் விளக்கு பிரகாசமாகிறது, குறைந்தால் போகிறது. மூன்று, பல்பு அடிக்கடி போகிறது. நான்கு, புது பேட்டரி போட்டதும் பத்து நாள் சரியாக இருந்தது.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர்தான் விளக்குக்குக் கரண்ட் தருகிறது. நம் ஊரில் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறோம். இன்ஜின் மெதுவாகும்போது அதன் உற்பத்தி குறையும். அப்போது பேட்டரி கை கொடுக்கும். வேகமாகும்போது உபரியைப் பேட்டரி வாங்கிக்கொள்ளும். ஏரி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தையும் தாங்கும், கோடையிலும் கொடுக்கும். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மழை பெய்தால் வாய்க்கால் உடைகிறது, மழை விட்டால் காய்கிறது. அதாவது வேகமெடுத்தால் வோல்ட் ஏறி பல்பு ஃபியூஸ், மெதுவானால் இருட்டு. இந்த ஜீப்பில் பேட்டரி இருக்கிறது, ஆனால் வண்டியோடு சரியாகச் சேரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இவ்வளவு சொல்லிவிடலாம். எங்கே சேரவில்லை என்பதற்குத்தான் மீட்டர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாணவன் முதலில் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தான். ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறுமுனையைச் சேசிஸில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. "எர்த் நல்லா இருக்கு சார்" என்றான். இந்த இடத்தில்தான் நம் பத்தாம் வகுப்புப் பாடம் உள்ளே வருகிறது. "உன் பல்பு எத்தனை வாட்ஸ்?" என்றேன். "5 வாட்ஸ் சார்." "அப்படின்னா 12 வோல்ட்டுல எத்தனை ஆம்பியர் எடுக்கும்?" வாயிலேயே கணக்குப் போட்டு, "அரை ஆம்பியர்கூட இல்ல சார்" என்றான். "ஸ்டார்ட்டர் எத்தனை எடுக்கும்?" "டீசல் வண்டி... 200-க்கு மேல போகும் சார்." சொல்லிவிட்டு அவனே தலையைச் சொறிந்தான்.

கணக்கு இதுதான். மின்னழுத்த வேறுபாடு என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது. ஒரு இணைப்பில் துரு ஏறி 0.05 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டில் இதை நம்பி அளக்கவே முடியாது. டெஸ்ட் லேம்ப்பின் 0.4 ஆம்பியர் அதன் வழியே போனால் இழப்பு 0.02 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 9 ஆம்பியர் எடுத்தால் அரை வோல்ட்டுக்கும் குறைவு. அதுவும் தெரியாது. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் கேட்டால்? 10 வோல்ட் அந்தத் துருவிலேயே போய்விடும். மிச்சம் 2 வோல்ட்டில் மோட்டார் எங்கே சுற்றும்! உண்மையில் 200 ஆம்பியர் ஓடவே முடியாது. 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். அதனால்தான் "லைட் எரியுது, அதனால ஒயர் நல்லா இருக்கு" என்ற பேச்சை நம்பாதீர்கள். பாரம் ஏற்றாமல் பாலத்தின் பலம் தெரியாது.

இந்த விதியைச் சொன்ன ஜார்ஜ் ஓம் யார் தெரியுமா? ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் நடத்திய வாத்தியார். 1827-இல் புத்தகமாகப் போட்டார். அன்று அவரை அங்கே பெரிய ஆட்கள் யாரும் சட்டை செய்யவில்லை. காருக்கு எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்து 1912 மாடல் கேடிலாக்கில் பொருத்த வைத்த சார்லஸ் கெட்டரிங்கும் இளவயதில் சில காலம் பள்ளி வாத்தியாராக இருந்தவர்தான். எங்கள் சாதிக்கு ஒரு சின்னக் கர்வம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அளந்த கதைக்கு வருகிறேன். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். மாப்பிள்ளை ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் செல்ஃப் சுற்றினாலும் இன்ஜின் ஓடாது, நிதானமாக அளக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் சாவியைத் திருகக் கூடாது என்று சொல்லி வைத்தேன். செல்ஃப் மோட்டார் சூடேறிவிடும்.

பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் மீட்டரை வைத்தோம். கிளாம்பில் வைக்கக் கூடாது, குமிழிலேயே வைக்க வேண்டும். 12.5 வோல்ட். ஆறு அறை கொண்ட பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 காட்டும். ஆகவே பேட்டரியில் குறையில்லை. சாவியைத் திருகச் சொன்னேன். 'டக்'. போர்டு விளக்கு செத்தது. மீட்டரில் 12.3. மாணவன், "சார், இறங்கவே இல்லையே!" என்றான்.

இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வண்டியில் எல்லாம் செத்துக்கிடக்கும்போது பேட்டரியில் 12.3 இருக்கிறது என்றால் பேட்டரி செத்துப்போகவில்லை, அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்கிற வழி அடைபட்டிருக்கிறது. பேட்டரி உண்மையிலேயே போயிருந்தால் அந்த நேரத்தில் 7, 6 என்று சரிந்திருக்கும். முதல் கடைக்காரர் சாவியைத் திருகிக்கொண்டு ஐந்து விநாடி மீட்டரைப் பார்த்திருந்தால் 7,500 ரூபாய் மிச்சம். பழைய பேட்டரி இப்போது வேறு யார் வண்டியிலோ நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து வழியைத் துண்டு துண்டாக அளந்தோம். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் குமிழில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் பெரிய ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டில். திருகினால் 0.1 வோல்ட். அந்தப் பக்கம் சுத்தம். இனி நெகட்டிவ் பக்கம். ஒரு முனை நெகட்டிவ் குமிழில், மறுமுனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில். திருகினால் 11 வோல்ட்!

நல்ல இணைப்பில் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 11. பேட்டரியின் மொத்த பலமும் இந்தப் பாதையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. இன்னும் நெருங்கினோம். குமிழிலிருந்து கிளாம்புக்கு ஒன்றுமில்லை. கிளாம்பிலிருந்து கேபிளின் மறுமுனை லக் வரை ஒன்றுமில்லை. லக்கிலிருந்து அது மாட்டியிருக்கும் சேசிஸ் இரும்புக்கு 11. திருடன் அகப்பட்டான். ஒரே ஒரு போல்ட்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி. தடிமனான ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் குமிழிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் கவ்வ விட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் கோளாறு எர்த்தில். மாப்பிள்ளைக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்று அதையும் செய்து காட்டினோம். ஸ்டாப் கேபிளை விட்டுவிட்டு ஒரு திருகல். பத்து நாளாக முரண்டு பிடித்த வண்டி அரைச் சுற்றில் உறுமியது. உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

போல்ட்டைக் கழற்றினோம். லக்குக்கும் சேசிஸுக்கும் நடுவில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்! அதன்மேல் துரு. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டுமே, அதற்காக மூன்று மாதத்துக்கு முன் வண்டிக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் அடித்தவர் எர்த் கேபிளைக் கழற்றி, சேசிஸை அழகாகக் கறுப்படித்து, காய்ந்ததும் பெயிண்ட் மேலேயே கேபிளை மாட்டி முறுக்கிவிட்டார். பெயிண்ட் கரண்ட்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்ச நாள் பாலம் கிடைத்திருக்கிறது. மழையில் அந்த மரையும் துருவேறி, தடை கூடிக்கொண்டே போயிருக்கிறது. முதல் கடையில் பேட்டரி மாற்றும்போது கேபிளை அசைத்ததில் துரு கொஞ்சம் உரசி வழி கிடைத்திருக்கும். அந்தப் பத்து நாள் நல்ல பெயர் புது பேட்டரிக்குப் போயிற்று.

சரி செய்ததற்கு ஆன செலவு 400 ரூபாய்கூட இல்லை. சேசிஸில் ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தோம். லக்கையும் தேய்த்தோம். புது போல்ட், இரும்பைக் கடித்துப் பிடிக்கும் பல் வைத்த வாஷர், இறுக்கி முடித்தபிறகு மேலே கிரீஸ். கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்குகிறவர்கள் உண்டு. நான் சுத்தமான இரும்போடு இரும்பு சேர்ந்தபிறகு வெளியே பூசுவதைத்தான் விரும்புவேன், தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. கூடவே பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்கு இன்னொரு தடித்த கேபிள் போடச் சொன்னேன். ஒன்று கைவிட்டாலும் மற்றது தாங்கும்.

மறுபடி அளந்தோம். செல்ஃப் சுற்றும்போது நெகட்டிவ் குமிழுக்கும் பிளாக்குக்கும் 0.1. பேட்டரியில் 10.6. முன்பு 12.3 காட்டியது நோய், இப்போது 10.6-க்கு இறங்குவது ஆரோக்கியம். உழைக்கிறவனுக்குத்தானே மூச்சு வாங்கும்! இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1, ஹெட்லைட் போட்டால் 13.9. ஆல்டர்னேட்டருக்கும் கட்-அவுட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. செல்ஃப் மோட்டார் இறக்கப்படவே இல்லை.

எல்லா வண்டிக்கும் இதுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். செல்ஃப் திருகும்போது பேட்டரியிலேயே வோல்ட் 9-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதியுங்கள். செல்ஃப் மோட்டார் இறுகியிருந்தாலும் அப்படிச் சரியும். பேட்டரியும் ஒயரும் நன்றாக இருந்து 'டக்' மட்டும் வந்தால் சோலனாய்டு உள்ளே இருக்கும் செம்புத் தகடு தேய்ந்திருக்கலாம். ஓடும்போது 13-க்கும் கீழே நின்றால் முதலில் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கான முதல் கரண்ட், போர்டில் இருக்கும் சிவப்புச் சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் போகிறது. அந்தப் பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜ் ஆகாமல் போகலாம். சாவி போட்டதும் அந்தச் சிவப்பு எரிகிறதா என்று தினமும் ஒரு கண் பாருங்கள். ஓடவே இல்லாமல் இரண்டு நாள் நின்றாலே பேட்டரி இறங்கினால் அது வேறு ஆராய்ச்சி. எதுவோ திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது. பெரும்பாலும் பிறகு பொருத்திய பாட்டுப் பெட்டிதான்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, "இன்ஜின் ஓடுது பாருங்க, டைனமோ நல்லா இருக்கு" என்று காட்டுகிறவர்களை ஊர் ஊராகப் பார்க்கிறேன். டீசலில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அதுதான் கரண்ட் இல்லாமலே ஓடுமே! ஆல்டர்னேட்டர் வந்த வண்டியில் இது ஆபத்தும்கூட. வோல்ட் எகிறி டயோடு போய்விடும். யாராவது உங்கள் வண்டியில் கை வைத்து இதைச் செய்யப் போனால் மரியாதையாகக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால், நெகட்டிவ் மாட்டியிருந்தால் அந்த இடமே வெல்டிங் பட்டறை. மோதிரம், காப்பு கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டாம். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து வருவது ஹைட்ரஜன். ஒன்பதாம் வகுப்பில் சோதனைக் குழாயில் 'பாப்' சத்தம் கேட்டு நீங்கள் கைதட்டிய அதே வாயு.

புது வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சாவியை அணைத்தால் இன்ஜின் தானாக நிற்கும் டீசல் வண்டிகளில் பம்ப்பில் ஒரு சோலனாய்டு இருக்கும். அதற்கு 12 வோல்ட் நின்றால் இன்ஜினும் நிற்கும். அதற்கும் பிறகு வந்த காமன் ரெயில் வண்டியில் டீசல் பீய்ச்சுவதையே கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. எர்த்தில் சின்னக் கோளாறு வந்தாலும் அது என்னென்னவோ எச்சரிக்கை விளக்கைப் போட்டுப் பயமுறுத்தும். அங்கேயும் சென்ஸாரை மாற்றுவதற்கு முன்னால் பேட்டரியையும் எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒயரில் நீங்களாகக் குத்திப் பார்க்காதீர்கள்.

எர்த்தைத் தேட ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. அதனால் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று இருக்கும். பெரும்பாலும் கீழே, எண்ணெயும் சேறும் அப்பிய இடத்தில். அது அறுந்திருந்தால் செல்ஃப் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள் வழியாக ஓடப் பார்க்கும். ஸ்டார்ட் செய்தபிறகு ஸ்டாப் கேபிளைத் தொட்டால் சுடுகிறதா? நேராகக் கீழே குனிந்து அந்தப் பட்டையைப் பாருங்கள்.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை மறுபடி காஞ்சிபுரம் போய் ராத்திரி திரும்பினார். மனைவியும் ஏறினாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் சாலையைப் பார்க்காமல் ஹெட்லைட் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வந்தாளாம். செய்யாறு தாண்டி அந்த ஊரில், பரிசோதனைக்காக இவரே வண்டியை முழுசாக நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஹாரனும் அடித்துக் காட்டியிருக்கிறார். டீக்கடையில் இருந்தவர்கள் யாரை அழைக்கிறார் என்று எழுந்து வந்துவிட்டார்களாம்.

மாணவன் மறுநாளே சொந்தமாக ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிட்டான். டெஸ்ட் லேம்ப்பில் 5 வாட்ஸ் பல்பை எடுத்துவிட்டு 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு போட்டு இன்னொன்று செய்து வைத்திருக்கிறான். நல்ல யோசனை. அது எரிந்தால் நாலைந்து ஆம்பியராவது அந்த வழியில் போகிறது என்று நம்பலாம்.

ஜீப்பில் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஹெட்லைட் கரண்ட் முழுவதும் இன்னமும் போர்டில் உள்ள பழைய சுவிட்ச் வழியாகத்தான் போய் வருகிறது. சுவிட்ச் சூடாகிறது. பேட்டரியில் 13.9 இருக்கும்போது பல்பு முனையில் 12.4 தான் வருகிறது. ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. ஒரு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயரும் ஃபியூஸும் இழுக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்றிருக்கிறோம். ஆரணிப் பக்கம் இருக்கிறவர்கள், பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் காலை எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். மீட்டரை நான் எடுத்து வைக்கிறேன். சாவியைத் திருக உங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆளை மட்டும் அழைத்து வந்துவிடுங்கள்.